மூன்று தட்டு

என்னைப் பொய்யன் என்று சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமை மாலை ஒலிப்பதிவு அறைக்குள் இருந்தது நீங்களல்ல, நான்.

பழைய கேசட்டுகளில் இரைச்சலை நீக்கிக் கணினியில் ஏற்றித் தருவது என் தொழில். காதால் கேட்பதும் பொய் என்பார்களே, அதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் எதையும் லேசில் நம்பமாட்டேன். அன்று கையில் இருந்தது என் தாத்தாவின் குரல். அவர் சாவதற்கு முந்தைய மாதம் அத்தை பதிவு செய்தது. சனிக்கிழமை முன்னாள் படைவீரர்கள் கூட்டத்தில் அதைப் போட வேண்டும். எங்கள் வீட்டுக்கு இருக்கும் ஒரே பெருமை தாத்தாவின் போர்க்கதைதான்.

கதை எங்களுக்கு மனப்பாடம். போர்முனையில் மாலை ஆறு மணிக்குக் காவல் மாறும். மாற்று ஆள் வரும்வரை நிற்பவன் நகரக் கூடாது. தாத்தா நேரத்துக்குப் போய் நண்பனை விடுவித்தார். திரும்பும் வழியில் நண்பன் குண்டடிபட்டு இறந்தான்.

மணி 4.10. "ஆறு மணிக்கு நான் போய் அவன மாத்திவிட்டேன்" என்றார் தாத்தா. உடனே…

டக். டக். டக்.

மரத்தில் மரம் இடிக்கும் சத்தம். அந்தத் துண்டை வெட்டி எறிந்தேன். மறுபடி ஓட்டினேன். அதே இடம். டக். டக். டக்.

இரைச்சலை நீக்க, யாரும் பேசாத சில நொடிகளை மாதிரிக்கு எடுப்போம். அதைப் பெரிதாக்கிக் கேட்டேன். தாத்தாவின் இழுப்பு. அத்தையின் மூச்சு. கூடவே இன்னொரு மூச்சு… ஈரமாக, கொப்பளித்தபடி.

அத்தைக்குப் போன் போட்டேன்.

"அந்த ரூம்ல வேற யாரு இருந்தா?"

"கதவ சாத்திட்டுத்தான் எடுத்தேன்." பிறகு சேர்த்துக்கொண்டார்: "அப்பாதான் கதவையே பாத்துக்கிட்டு இருந்தார்."

முதல் முறையாகத் தாத்தாவைச் சந்தேகப்பட்டேன். வெட்கமாக இருந்தது.

மணி 5.58. பதிவை நிறுத்தினேன். ஹெட்ஃபோனைக் கழற்றினேன். வெளிச் சத்தம் துளியும் நுழையாத அறை அது.

டக். டக். டக்.

கதவில்.

திறந்தேன். யாருமில்லை. மூடினேன்.

டக். டக். டக்.

குழாய்ச் சத்தமாக இருக்கும்… சோதித்துப் பார்க்க, விரல் முட்டியால் கதவில் ஒரே ஒரு தடவை தட்டினேன்.

நின்றுவிட்டது.

மணி சரியாக 6.00.

மறுநாள், தாத்தாவின் படைப்பிரிவில் வயர்லெஸ் பார்த்த பெரியவரிடம் போனேன். மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். பதிவைப் போட்டேன். தட்டுச் சத்தம் அதில் இல்லை. கதவில் கேட்டதைச் சொல்லி, அவர் மேஜையில் மூன்று தடவை தட்டிக் காட்டினேன்.

"காவல்ல வாயத் திறக்கக் கூடாது தம்பி. மாத்து ஆள் வரலேன்னா துப்பாக்கிக் கட்டையால மூணு தட்டு. அன்னைக்கு உங்க தாத்தாவோட சிநேகிதன் ராத்திரி பூரா தட்டினான். உங்க தாத்தா பயத்துல போகல. விடிஞ்சதும் பாத்தோம். கழுத்துல குண்டு. நின்ன இடத்த விட்டு நகரல."

சனிக்கிழமை நான் பதிவைப் போடவில்லை. உண்மையை என் வாயாலேயே சொன்னேன். அத்தை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

கூட்டம் முடிந்ததும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். 'வந்துட்டேன், இனி காவல் என்னோடது, நீ போலாம்'ன்னு சொல்றதுக்கு ஒரே தட்டு. நீ பதிலுக்கு எதுவும் தட்டலையே?"

"இல்ல" என்றேன், தாத்தாவைப் போலவே.