வெக்ஸ்போர்ட் வீட்டில் யோசப்வாஸ் திருநாள்

பிரதீபா அக்காவை எங்கள் கோவில் பங்கில் தெரியாதவர்கள் இல்லை. அவருடைய வாய்க்குப் பயப்படாதவர்களும் குறைவு. பிரசங்கம் நீண்டால் பாதருக்கே மணிக்கூட்டைக் காட்டுவார். யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் பிறந்தவர், ரொறன்ரோவுக்கு வந்து கந்தோர்களைக் கூட்டித் துடைத்து இரண்டு பிள்ளைகளைத் தனியாக ஆளாக்கியவர். இப்போது ஏஜென்சி ஒன்றின் மூலம் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறார். ஒவ்வொரு ஜனவரி பதினாறாம் திகதியும் புனித யோசப்வாஸ் திருநாள் பூசையில் அந்தப் புனிதரின் வரலாற்றை வாசிப்பவரும் அவர்தான். வேறு யாராவது வாசிக்கக் கேட்டால் போச்சு.

இந்த வருடத் திருநாளன்று காலை அக்கா ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் தான் பராமரிக்கும் அகஸ்ரின் ஐயாவின் வீட்டுக்குப் போனார். வாசல் பனியை ஐயாவின் மகன் கிளிபோட் விடியவே நிலம் தெரிய அள்ளியிருந்தார். உள்ளே ஐயா பல நாட்களாக வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுக்கும் இல்லை, பேச்சுக்கும் இல்லை. வைத்தியர் சோதித்தும் ஒரு வருத்தமும் அகப்படவில்லை. இன்றும் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கால் குழாய் விட வேண்டியதுதான் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அந்த உடம்பு அதைத் தாங்காது. அக்கா கஞ்சிக் கோப்பையோடு கட்டிலருகே நின்றார்.

காரணம் இதுதான் என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மனைவியை இழந்து உடைந்துபோயிருந்த கிளிபோட்டை, புனிதர்களின் சிலைகளை வணங்காத ஒரு கிறிஸ்தவ சபைதான் தாங்கிப் பிடித்தது. அதில் சேர்ந்த பிறகு வீட்டிலிருந்த சுருபங்களையும் மாதா படத்தையும் அவர் அகற்றிவிட்டார். படம் தொங்கிய ஆணி மட்டும் சுவரில் மிஞ்சியது. ஐயாவின் கண் எந்நேரமும் அந்த ஆணியில்தான். ஆனால் எப்படிக் கேட்பது? அக்கா வேலைக்கு வந்த முதல் நாளே கிளிபோட் சொல்லிவிட்டார்.

"அக்கா, அப்பாவோட பழைய சமயக் கதையள் ஒண்டும் வேண்டாம். கமராவில எனக்கு எல்லாம் கேக்கும்."

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அந்தக் கமரா இருந்தது. மேலே அறையில் வேலை செய்யும் கிளிபோட்டின் போனில் எல்லாம் தெரியும். அவர் ஏஜென்சிக்கு ஒரு முறைப்பாடு கொடுத்தால் அக்காவின் வேலைக்கும் முழுக்குத்தான்.

பின்னேரம் பூசையில் வாசிக்க வேண்டிய வரலாறு அக்காவுக்கு மனப்பாடம். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தடை செய்திருந்த காலத்தில் யோசப்வாஸ் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். யார் கத்தோலிக்கர் என்று அவரால் வாய் திறந்து கேட்க முடியாது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தார்.

அக்கா கமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். சட்டைக்குள் கிடந்த செபமாலையை மெல்ல வெளியே எடுத்துவிட்டார்.

ஐயாவின் கண் ஆணியை விட்டு இறங்கியது. உதடு துடித்தது. எலும்பும் தோலுமான கை எழுந்து சிலுவையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியில் அக்காவால் நிமிரவே முடியவில்லை.

"அருள் நிறைந்த மரியாயே..." ஐயா சத்தமாகவே அழுதார்.

மேலே கதிரை இழுபட்டது. படிகளில் காலடி கேட்டது.

"விடுங்கோ ஐயா, மகன் வாறார்."

அக்கா யாரிடமும் கெஞ்சியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அன்று கெஞ்சினார். ஐயா விடவில்லை.

கிளிபோட் அறை வாசலில் நின்றார்.

"உதென்ன அக்கா? நான் உங்களுக்கு என்ன சொன்னனான்?"

"ஏஜென்சிக்குச் சொல்லுறதெண்டாச் சொல்லுங்கோ தம்பி. ஆனா அவர் இப்பத்தான் வாய் திறந்திருக்கிறார். ரெண்டு கரண்டி கஞ்சி உள்ள போகட்டும். பிறகு போன் பண்ணுங்கோ."

அக்கா கரண்டியை நீட்டினார். கஞ்சி போர்வையில் சிந்தியது. ஐயா மகனை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டார்.

பெற்ற தகப்பன் தன்னைக் கண்டு பயப்படுவதைக் கிளிபோட் அப்போதுதான் கண்டார். போனைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. எதிர்ச் சுவருக்குப் போய்க் கமராவின் வயரைப் பிடுங்கினார். சுவர்ப் பக்கமே திரும்பி நின்றபடி பேசினார்.

"நான் ஒண்டும் காணேல்லை அப்பா. நீங்கள் சாப்பிடுங்கோ."

வெளிக்கதவு சாத்தப்பட்ட பிறகுதான் ஐயா முதல் கரண்டியை விழுங்கினார். அக்கா யன்னலால் எட்டிப் பார்த்தார். விடியவே அள்ளி முடித்த வாசலைக் கிளிபோட் மறுபடியும் அள்ளிக்கொண்டிருந்தார்.