மல்லூர்ப் புளியமரமும் என் வெள்ளை ஜிப்பாவும்

ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ராகி மூட்டை ஏற்றிய கரி லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பட்டத்து யானைமேல் ஏறியவன்கூட அப்படிப் பூரித்திருக்கமாட்டான். நாமக்கல் முப்பத்திரண்டு மைல், கட்டணம் எட்டணா. யுத்தத்தால் பெட்ரோல் இல்லை, பஸ்ஸும் இல்லை. இந்த லாரியோ பின்னால் கட்டிய இரும்பு அடுப்பில் கரியை எரித்து, அந்தப் புகையைக் குடித்தே ஓடுகிறது.

நான் போவது பெண் பார்க்க. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் போய்விட வேண்டும். எனக்கு வயது முப்பத்துமூன்று. இதற்குமுன் ஐந்து வீடுகளில் என்னைப் பார்த்துவிட்டு, ‘கடிதம் போடுகிறோம்’ என்றார்கள். அந்தக் கடிதங்களைத் தபால்காரர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். ஆகவே இம்முறை புது வெள்ளை ஜிப்பா.

டிரைவர் செங்கோடன், எருமப்பட்டிக்காரர். நான் அச்சாபீசில் பிழை திருத்துகிறவன். புதிய மோட்டார் சட்டத்தின் தமிழ்ச் சுருக்கத்தைத் திருத்திய திமிர் எனக்கு இருந்தது.

“செங்கோடண்ணா, சேர்ந்தாப்போல அஞ்சு மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு எடுக்கணும். சட்டம், தெரியுமா?”

“எடுத்தேனுங்க சாமி. தருமபுரியில ஆறு மணிக்குக் கெளம்பி, தொப்பூர்க் கணவாய் தாண்டி, பதினொண்ணுக்குச் சேலம். அரை மணிக்கு மேலயே வண்டி நின்னுச்சு. நோட்டுல எழுதியாச்சுங்க.”

“தூங்கினீங்களா?”

“வண்டி தூங்குச்சுங்க. நான் அடுப்புல சாம்பல் வாரிட்டு இருந்தேன். கிளீனருக்குக் காய்ச்சல், அவன் வேலையும் என்ர தலையில. நேத்தும் மூட்டை ஏத்தி முடிக்கறதுக்குள்ள கோழி கூப்புட்டுருச்சு.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சட்டத்தைத் திருத்தியபோது சாம்பலைப் பற்றி ஒரு வரி விட்டுப்போனது எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு மணி. மல்லூர் தாண்டியாயிற்று. மணிக்குப் பன்னிரண்டு மைல் வேகம்! காற்று ஜிப்பாவைப் பாய்மரமாக்கியது. என்னிடமிருந்த நகைச்சுவைத் துணுக்குகளில் மிகச் சிறந்ததைச் சொல்லி முடித்துத் திரும்பினால், டிரைவரின் தாடை மார்பில் கிடந்தது. எதிரே ஒரு மாட்டு வண்டி, அதில் ஒரு குடும்பம்.

“செங்கோடண்ணா!”

அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். மாடுகள் ஒருபக்கம் மிரண்டன. லாரி சாலையை விட்டிறங்கி, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. வண்டிக்காரர் எங்கள் இருவரின் பரம்பரையையும் வரிசையாக விசாரித்துவிட்டுப் போனார். நியாயம்தான்.

செங்கோடன் இறங்கி முகம் கழுவினார். “ஏறுங்க சாமி. உங்க நல்ல நேரம் போயிருமுங்க.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த வண்டியில் ஒரு கைக்குழந்தை இருந்தது நினைவுக்கு வந்தது.

“படுங்க. அரை மணி. அடுப்பை நான் பார்த்துக்கிறேன்.”

“நீங்களா? வெள்ளை ஜிப்பாவுலயா?” என்று சிரித்தபடியே மரத்தடியில் சாய்ந்தவர், அடுத்த வார்த்தைக்கு முன் குறட்டை விட்டார்.

சாம்பலை வாருவது சுலபம். நான் நெருப்பையும் சேர்த்து வாரிவிட்டேன். பிறகு புதிதாகப் பற்றவைத்து, காற்று ஊதும் சக்கரத்தைக் கையால் சுற்றோ சுற்றென்று சுற்றினேன். மூன்று முறை அணைந்தது. வழியில் போன ஆடுமேய்ப்பவர் ஒருவர், “ஏனுங்க, சமையலுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். இப்படியாக என் மடமையினால் செங்கோடனுக்கு ஒன்றரை மணி நேரத் தூக்கம் கிடைத்தது. இதைத் தருமம் என்று யாரும் எழுதிவிடவேண்டாம்.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். புதுச்சத்திரம் வரை செங்கோடன் பாடிக்கொண்டே ஓட்டினார். நாமக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டபோது மணி நாலே முக்கால். ராகுகாலம் பிறந்து கால் மணி ஆகியிருந்தது.

பெண் வீட்டு வாசலில் நின்றேன். பெண்ணின் தகப்பனார் எட்டிப்பார்த்து, “கரி வேண்டாமுங்க, ஊட்ல இருக்குது” என்றார்.

பின்னால் வந்த செங்கோடன் குறுக்கிட்டார். “மாப்பிள்ளைங்க அவரு! நான் தூங்கோணும்னு கரியோட மல்லுக்கட்டி இப்படி ஆயிட்டாருங்க. இல்லீனா ரெண்டு பேரையும் புளியமரத்துலயிருந்து பிரிச்சுத்தானுங்க எடுத்திருக்கோணும்.”

தகப்பனார் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். உள்ளே யாரோ ஒரு பெண் அடக்கமாட்டாமல் சிரித்தாள். இரண்டு குடம் தண்ணீரும் சீயக்காயும் வந்தன. ராகுகாலம் முடியும்வரை தேய்த்தேன். முகம் மட்டும் வெளுத்தது. விடைபெறும்போது தகப்பனார் சொன்னார்: “கடுதாசி போடறோமுங்க.”

திங்கட்கிழமை அதே லாரியில் திரும்பினேன். புளியமரத்தடியில் செங்கோடன் தாமாகவே வண்டியை நிறுத்தி, துண்டை விரித்துப் படுத்தார். நான் போய் அடுப்பின் ஊதும் சக்கரத்தைப் பிடித்தேன். அச்சாபீசில் சாப்பாட்டுக்குப்பின் நாள்தோறும் நான் கண்ணயர்கிறேன்; அதனால் ஓர் எழுத்துக்குக் கால் முளைக்கும், அவ்வளவுதான்.

கடிதம் வந்துவிட்டது! வருகிற ஞாயிறு, முகத்தைச் சரியாகப் பார்க்கவேண்டுமாம். கிளீனருக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. ஜிப்பாவைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வதாக உத்தேசம். ராகுகாலம் அதே நாலரைக்குத்தான். லாரி சனிக்கிழமையே சேலம் வந்து நின்று, ஞாயிறு காலை ஒன்பதுக்கே கிளம்புகிறது. புளியமரத்தடி அரை மணியையும், நான் நெருப்பை அணைக்கும் ஒரு மணியையும் சேர்த்தே போட்ட கணக்கு இது.