ஆமினாவின் ஆணி

அரிப்பு என்ற கடலோர ஊரில், ஆமினாவின் வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பொதி எதுவும் தனியாக வெளியே போனதில்லை. கூடவே ஒரு துருப்பிடித்த ஆணியும் போகும். பொரித்த மீன் வாசத்துக்குப் பின்னால் வருகிற பேய் பிசாசு எதுவும் இரும்பைக் கண்டால் ஓடிவிடும் என்பது அவள் நம்பிக்கை. கணவன் ஹலீம் ஒருமுறை புயலில் அகப்பட்டுக் கரை சேர்ந்தபோது பொதியில் சோறு இல்லை, ஆணி இருந்தது. அதன் பிறகு அந்த ஆணியை எதிர்த்து அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

மகள் றிம்ஷா பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். மாரி வெள்ளத்தில் அருவி ஆறு சிவந்து கடலில் விழும்போது, அந்தச் செம்மண் தண்ணீரோடு வரும் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. மழை விட்டுவிட்டது. சிவப்பு வடிந்தால் அடுத்த மாரிதான். பட்டமும் அதுவரை கிடப்பில்தான்.

காலையில் கடல் தண்ணீர் எடுக்க வாப்பாவின் படகில் போனவள், போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். முகம் அவித்த நண்டு மாதிரி இருந்தது. போத்தல் பையை விரித்துக் காட்டினாள். சுத்தமான வெறும் போத்தல்களுக்கு நடுவே ஆணி.

"உம்மா, இது என்ன?"

"நீ சாப்பாடு வேணாமெண்டுட்டாய். போத்தலாவது துணையோட போகட்டுமெண்டு வச்சனான்."

"நான் தேடுறதே இரும்புதான் உம்மா. கடல் தண்ணியில அது அவ்வளவு கொஞ்சம். இதில இருந்து ஒரு தூள் விழுந்தாலே கணக்கெல்லாம் பிழையாப் போகும்."

படகை இழுத்துக் கட்டிய ஹலீம் சொன்னான்: "இரும்பெண்டு நங்கூரத்தையே கரையில விட்டுட்டுக் கல்லைக் கட்டிக்கொண்டு போனனாங்கள். உங்கட உம்மான்ர ஆணி எங்களுக்கு முதலே ஏறி இருந்திட்டுது."

ஆமினா சிரிக்கவில்லை. "அந்தக் கொஞ்ச இரும்பை வச்சுக் கடல் என்ன செய்யுது?"

றிம்ஷா மணலில் உட்கார்ந்தாள். கண்ணுக்குத் தெரியாத பச்சைத் துணுக்குகள் கடலில் இருப்பதையும், ஆழ்கடலில் சில இடங்களில் மற்றதெல்லாம் இருந்தும் இரும்பு இல்லாமல் அவை வளராமல் கிடப்பதையும் சொன்னாள். ஆறோ காற்றில் வரும் தூசியோ இரும்பைக் கொண்டுபோனால் அவை தழைக்கும். குஞ்சு மீன் அவற்றைத் தின்னும். வளரும்போது அந்தத் துணுக்குகள் காற்றிலிருந்து வரும் கரியமில வாயுவைத் தங்களுக்குள் இழுத்துக்கொள்ளும். செத்து ஆழத்துக்குப் போகிறவை அந்தக் கரியையும் கொண்டுபோய் நெடுங்காலம் அங்கேயே வைத்திருக்கும்.

"அப்ப ஆறும் பொதிக்குள்ள இரும்பு வச்சுத்தான் கடலுக்கு அனுப்புது," என்றாள் ஆமினா. "ஏச்சு மட்டும் எனக்கு."

கோபத்தோடு இருந்த றிம்ஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆணி படாத இன்னும் ஒரு பை போத்தல் மிச்சம் இருந்தது.

மறுநாளும் ஆற்றுவாய் சிவப்பாகவே இருந்தது. ஆமினா கொடுத்த மீன் பொதியை றிம்ஷா பிரித்து ஆணி இருக்கிறதா என்று தேடினாள்.

"தேடு, தேடு. சென்றிப் பொயின்ற்ல ஆமிக்காரன் சோதிக்கிற மாதிரி," என்ற ஆமினா, மகளின் முக்காட்டைப் பார்த்தாள். "அந்த ஊசி எதால செஞ்சது?"

றிம்ஷா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆமினா ஊசியைக் கழற்றி, முக்காட்டை முடிச்சுப் போட்டுவிட்டாள். முடிச்சு இறுகிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"போயிட்டு வாறன் உம்மா."

படகு செந்தண்ணீரைத் தாண்டி நீலத்துக்குள் போனது. ஆணியையும் ஊசியையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, வெயிலில் மீனவர் வாடிக் குடிசைக்குக்கூட ஒதுங்காமல் கரையிலேயே நின்றாள் ஆமினா.

படகு வந்தது. போத்தல்கள் நிறைந்திருந்தன. "எல்லாம் சரி உம்மா," என்று கத்திக்கொண்டே றிம்ஷா குதித்து ஓடி வந்தாள். ஆமினா துரு படிந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கிட்ட வராதை. முதல்ல போத்தலை அங்கால வச்சிட்டு வா."