ராஜத்தின் கையெழுத்தில் என் கதை

ராஜம் போய்விட்டாள் என்று பத்து பெரெண்டாம் வீட்டிலிருந்து அவள் மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "காலையில பசியாறிட்டு நாற்காலியில உட்கார்ந்தாங்க, பெரியம்மா. அப்படியே தலை சாஞ்சிடுச்சு" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தேன். எழுந்தால் அழ வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தது.

மலாக்காவில் கதை எழுதுகிற நீங்கள் அத்தனை பேரும் அவளிடம் ஒருமுறையாவது திட்டு வாங்கியவர்கள்தான். அவளுடைய உஜோங் பாசிர் வீட்டு வாசலில் பயந்து பயந்து கதையைக் கொடுத்துவிட்டு, பென்சில் கீறல்களோடு திரும்ப வாங்கிப் போனவர்கள். அவளைக் கிடத்தியிருந்த இடத்தில் நின்றுகொண்டு ஆளாளுக்கு ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். இவ்வளவு தெரிந்தவர் ஏன் ஒரு கதைகூட எழுதவில்லை? ஒரு தம்பி, அது அடக்கம் என்றார். ராஜத்துக்கு அடக்கமாவது ஒன்றாவது. காரணம் எனக்குத் தெரியும். என் வாய் சும்மா இருக்காது என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வீர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது அறுபது வருடத்துக்குமேல் சும்மா இருந்துவிட்டது.

ஜப்பான்காரன் காலத்தில் காஜா பெராங்கில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. இருவருக்கும் பத்தொன்பது வயது. பெண் பிள்ளைகளை வாசல் பக்கம் விடமாட்டார்கள். பள்ளிக்கூடம் கிடையாது, படிக்கப் புத்தகம் கிடையாது. அவளுடைய அப்பா எழுத்தர் வேலை பார்த்தவர். வீட்டில் பழைய அலுவலகத் தாள்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றின் பின்பக்கத்தில் நாங்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகப் போய்த் திரும்பி வரும். பெயர் வைத்தால் ஜப்பான்காரன் ஏதோ சங்கம் என்று நினைத்துவிடுவான் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. எழுதியவர் பெயரும் போடுவதில்லை. என் எழுத்தை மறுநாள் என்னாலேயே படிக்க முடியாது என்பதால், எல்லாக் கதைகளையும் ராஜம்தான் முத்து முத்தாகப் படியெடுப்பாள்.

பத்திரிகையின் முதல் பக்கத்தில் வாசகர்களுக்கு அவள் ஒரு விதி எழுதி வைத்திருந்தாள். படிக்கும்போது எந்த இடத்தில் கீழே வைத்துவிட்டு எழுந்து போனீர்களோ, அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அடுப்பில் மரவள்ளி தீய்ந்ததால் எழுந்தாலும் சரி, புள்ளி வைக்க வேண்டும். "கதை நல்லா இருந்தா தீயட்டும்னு விட்டிருப்பாங்கடி" என்பாள். பத்திரிகை திரும்பி வந்ததும் இருவரும் புள்ளிகளை எண்ணுவோம். அவள் கதையில் இரண்டோ மூன்றோ இருக்கும். என்னுடையதில் முதல் பக்கத்திலேயே அம்மை போட்டதுபோல் இருக்கும்.

அவளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பின்வேலிக்கு அப்பால், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி குடும்பம் ஒன்று இருந்தது. சாமி எல்லாம் நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டு அம்மாளுக்கு எங்கள் கதைகளை வேலியோரம் நின்று மலாயில் சொல்லிக் காட்டுவாள். என் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கி, இரண்டே வாக்கியத்தில் அது தீர்ந்துபோய் அவள் முழித்ததைப் பார்த்தேன். அந்த அம்மாள், "அப்புறம்?" என்று கேட்டார். அப்புறம் ஒன்றும் இல்லை. "மலாயில சொன்னா உன் அலங்காரம் எல்லாம் உதிர்ந்து போயிடுது. என்ன நடந்துச்சுங்கிறதுதான் மிஞ்சுது. உன்கிட்ட ஒண்ணுமே நடக்கலையே" என்றாள் ராஜம். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று கண்ணைத் திறந்து பார்க்கத் தொடங்கினேன்.

அப்படிப் பார்த்ததில்தான் எங்கள் வரிசையில் இருந்த தங்கம்மாக்கா கண்ணில் பட்டார். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆம்பளைகளைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. தன் புருஷன் ஜொகூர் பக்கம் ஓடிவிட்டதாக அக்கா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஒருநாள் எங்கள் சன்னலிலிருந்து பார்த்தேன். கோழிக்கூட்டுக்கு அவித்த மரவள்ளி எடுத்துப் போனார். தட்டின் ஓரத்தில் மிளகாய்ச் சம்பால் இருந்தது. கோழிக்கு யார் சம்பால் வைப்பார்கள்?

அன்றே உட்கார்ந்து எழுதினேன். ஊர் பெயர் இல்லை, ஆள் பெயரை மாற்றினேன். கூட்டையும் சம்பாலையும் அப்படியே வைத்தேன். ராஜம் கடைசி வரி வரை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது யார் வீடுடி?"

"யார் வீடும் இல்ல. கற்பனை."

"கோழிக்கூட்டை மாத்து. பரண்னு எழுது."

"பரணுக்குத் தட்டு போனா என்ன இருக்கு? மாத்தினா கதை செத்துப்போயிடும்லா."

அவள் தாளை மறுபடி ஒருமுறை படித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். கதை நன்றாக இருந்தது என்றும் தெரியும்.

பத்திரிகை எங்கள் வரிசை முழுக்கப் போய் வந்தது. என் கதையில் ஒரு புள்ளிகூட இல்லை. வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அந்த வாரமே ஒருநாள் காலையில் லோரி வந்தது. இறங்கியவர்கள் வீட்டுக்குள் போகவே இல்லை. நேராகக் கூட்டுக்குப் போய்த் தங்கம்மாக்காவின் புருஷனை இழுத்து வந்தார்கள். தலையிலும் தோளிலும் கோழி எச்சத்தோடு அவர் லோரியில் ஏறினார். போர் முடிந்த பிறகும் திரும்பி வரவில்லை.

யார் காட்டிக் கொடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. நான் பார்த்ததுபோல் வேறு யாராவது பார்த்திருக்கலாம். அப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். தேறவில்லை.

மறுநாள் தங்கம்மாக்கா, வயிற்றில் பிள்ளையோடு, பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு ராஜத்தின் வாசலுக்கு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துக் காட்டியிருந்தார்கள். தாளை நீட்டி, "இது உன் கையெழுத்துதானே?" என்றார். நான் ராஜத்தின் பக்கத்தில், தோள் உரச நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமாக்கா. என் கையெழுத்துதான்" என்றாள் ராஜம்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தங்கம்மாக்கா தாளை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ராஜம் கதை எழுதவில்லை. தங்கம்மாக்கா இருந்தவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோவாள். அக்கா வாங்கிக்கொள்வார், பேசமாட்டார். நான்தான் எழுதிக்கொண்டே இருந்தேன். முதல் புத்தகம் வந்தபோது அதை எடுத்துக்கொண்டு உஜோங் பாசிருக்குப் போனேன். அன்று மட்டும் கேட்டேன், "ஏன் ராஜம் நீ அன்னைக்கு என் பெயரைச் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு காத்திருந்தேன்" என்றாள். "அப்புறம் பழகிப்போச்சு. நானும் யோக்கியம் இல்லடி. மாத்தணும்னு தெரிஞ்சும் எழுதினேன்ல. நல்லா இருந்துச்சு, அதான்." பிறகு என் புத்தகத்தைப் பிரித்து, பென்சிலைத் தேடினாள். அன்றாவது நான் காஜா பெராங்குக்குப் போயிருக்கலாம். தங்கம்மாக்கா அப்போது உயிரோடுதான் இருந்தார். பேருந்தில் அரைமணி நேரம்கூட ஆகாது. நான் வீட்டுக்குப் போனேன்.

அன்று வயிற்றில் இருந்த பிள்ளை சாந்தா. ராஜத்தை எடுக்கப் போகும் நேரத்தில் வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். தலை நரைத்துவிட்டது. கும்பிட வந்தாளா, வெறுமனே பார்க்க வந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. நான் போய் அவளிடம் சொன்னேன். கோழிக்கூட்டை எழுதியது நான், ராஜம் படியெடுத்தது மட்டும்தான் என்று.

அவள் உள்ளே கிடத்தியிருந்த ராஜத்தைப் பார்த்தாள். "அம்மா சாகும்போதுகூட இவங்களை மன்னிக்கல, பெரியம்மா" என்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ராஜத்தின் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

ராஜம் எனக்கு விட்டுப்போனது என்ன என்று எழுதச் சொன்னீர்கள். எழுதக் கற்றது, ஒரு நல்ல இடத்தை அடையாளம் காணக் கற்றது, எல்லாம் அவளால்தான். அவற்றை நான் ஏற்கெனவே போதுமான அளவு அனுபவித்துவிட்டேன். இனி அவளிடமிருந்து எடுத்து என்னிடம் வைத்துக்கொள்வது அந்தக் கெட்ட பெயர் ஒன்றைத்தான். காஜா பெராங்கில் இன்னும் யாராவது ராஜத்தைக் குறை சொன்னால், அந்தக் கதையை எழுதியவள் கோகிலம் என்று சொல்லுங்கள்.