ஆயில் கூலருக்குப் புதுக் குழாய்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துப் புன்செய்க் காடுகளில், நடுப்பகலில் நின்றுபோன ரிக் வண்டியைக் காண்பது சாதாரணம். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த டீசல் லாரிகளின் முதுகில் ஒரு கம்ப்ரசர் உட்கார்ந்திருக்கும். பாறையை உடைக்கும் காற்றை அதுதான் தர வேண்டும். அதற்குள் சுற்றிவரும் ஆயில் சூடேறி, குழாய் வழியே கூலருக்குப் போய், ஆறித் திரும்ப வேண்டும். சித்திரை வெயிலில் அது ஆறுவதில்லை. சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டதும் இயந்திரம் தானே அணைந்துவிடும். ஆட்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரிப்பார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

நானும் என் அக்காவின் கணவரும் கூட்டாக அப்படி ஒரு வண்டி வைத்திருந்தோம். நான் சேலத்தில் இயற்பியல் படித்துப் பட்டம் பெற்றவன். பட்டதாரி ஒருவன் புழுதியில் நிற்பதை உறவில் சிலர் ரசிக்கவில்லை. ஆகவே, தொழிலில் நான் ஒரு வார்த்தை சொன்னால் அது நிற்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தேன்.

குறை கூலரில் இல்லை, அதற்குப் போகும் குழாயில்தான் என்பது என் முடிவு. ஒல்லியான செப்புக் குழாய். வழியெல்லாம் தேவையற்ற வளைவுகள். இணைப்புகளில் சணல் நார் சுற்றி, ஷெல்லாக் என்னும் அரக்குப் பசை பூசி முறுக்கியிருந்தார்கள். ஆயில் போதுமான வேகத்தில் கூலரை எட்டவே இல்லை. இதை வெண்ணந்தூர் டீக்கடையில் மச்சானிடம் விளக்கினேன்.

"ஏம் மாப்ளே, ஆயிலு ஓடறதுக்கெல்லாம் காலேஜுல பாடம் வெச்சிருந்தாங்களாக்கும்?" என்றார்.

"ஓடற எதுக்கும் அதே பாடந்தானுங்க மச்சான்."

"அப்பச் செரி. நாம போட்டுட்டிருக்கற போர ஒரு நா நிக்காம ஓட்டிக் காட்டு. காட்டுக்காரரு மரவள்ளி வாடுதுன்னு துடிக்கிறாரு. இன்னொருக்கா நின்னா வேற வண்டியக் கூப்புட்டுருவாரு. அப்பறம் இந்தப் பக்கம் எவன் நம்மளக் கூப்புடுவான்?"

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்வரை ஓட்டிக் காட்டுகிறேன் என்று, கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன்.

சேலத்தில் லேத் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவரிடம் போனேன். கம்பி வலை பின்னிய தடித்த ரப்பர் ஹோஸ்களை அளந்து வெட்டி, ஒவ்வொரு முனைக்கும் இரும்பில் கூம்பு வாய் கடைந்து கொடுத்தார். அந்த வாயை நான் விரலால் தடவிப் பார்த்தபோது கண்ணாடிபோல் வழுக்கியது. அன்றே பூட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது.

"தம்பி, இதுக்கு நாரும் வேணாம், ஷெல்லாக்கும் வேணாம்," என்றார் பாய். "இரும்போட இரும்பு சுத்தமா ஒட்டணும். நடுவுல ஒரு முடி இருந்தாக்கூட ஒழுகும்." சொல்லிவிட்டு எல்லா முனைகளையும் வெள்ளைத் துணியால் கட்டினார். பூட்டுவதற்குத் தாமே காட்டுக்கு வருவதாகவும் ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பாய் லாரிக்கு அடியில் படுத்துப் பழைய குழாய்களைக் கழற்றத் தொடங்கினார். நான் முன்புறம் வாழையிலை விரித்துப் புது ஹோஸ்களை வரிசையாக வைத்தேன். பூசை போடாமல் ஒரு போல்ட்டைக்கூட வண்டியில் ஏற்றும் வழக்கம் எங்களுக்கு இல்லை. முனைகளில் கட்டியிருந்த துணிகள் பயணத்தில் அழுக்காகியிருந்தன. பூசைக்கு அது ஆகாது என்று அவிழ்த்தேன். பிறகு ஒவ்வொரு முனையிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டேன். கற்பூரம் காட்டி, பாய் கை நீட்ட நீட்ட, ஒவ்வொன்றாக அடியில் கொடுத்தேன். அந்த இருட்டில் அவர் கைத்தடவலாகவே முறுக்கினார்.

எஞ்சின் முழங்கியது. குழிவாயிலிருந்து வெண்புழுதி பனைமர உயரத்துக்கு எழுந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் வந்து நின்றார்கள். என் கண் முள்ளை விட்டு அகலவில்லை. பத்து மணி, முள் பாதியில் நின்றது. பதினொன்று, அசையவில்லை. உச்சிப்பொழுதில், வழக்கமாகச் சிவப்பைத் தொடும் நேரத்தில், அது ஒரு மயிரிழை ஏறி அங்கேயே நின்றது. மச்சான் மூன்று முறை வந்து மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"முள்ளு செத்துப்போச்சா மாப்ளே?"

"உசுரோடதான் இருக்குதுங்க."

அடுத்த சில நிமிடங்களில் கூலர் பக்கத்திலிருந்து ஆயில் சீறியது. மச்சான் ஓடிப்போய் எஞ்சினை அணைத்தார். காட்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"நாரு சுத்தாம உட்டாரு பாரு பாயி," என்று மச்சான் எல்லோரும் கேட்கச் சொன்னார். "ரெண்டு சுத்து சுத்தியிருந்தா இது வருமா? பட்டறைக்காரரு பேச்சக் கேட்டு மானம் போச்சு."

பாய் சூடான நட்டைச் சாக்கால் பிடித்துக் கழற்றினார். கூம்பு வாயை விரலால் துடைத்தார். விரலில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பசை. காலையில் காய்ந்து அடைப்புப்போல் நின்றது, சூட்டில் இளகிக் கரைந்து வழிவிட்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு விரலைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, "தூசி கொஞ்சம் பூந்துருச்சு," என்றார்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் மறைந்து நின்றிருக்கலாம். வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் பாயின் பட்டறைக்கும் ஒரு பெயர் இருந்தது. அது என் முன்னால் கெட்டுக்கொண்டிருந்தது.

"மச்சான், பாய் வேலையில குத்தமில்லைங்க," என்றேன். "அவரு கட்டியிருந்த துணிய அவுத்து, குழாய் வாயில சந்தனம் வெச்சவன் நான். அதுதான் ஒழுகுது."

காட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். "ஏனுங்க, சாமி ஆயிலு குடிக்குமுங்களா?" கூட்டமே சிரித்தது. என் காது சுட்டது. ஆனாலும் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பாயோடு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். எல்லா முனைகளையும் கழற்றினோம். டீசலில் நனைத்த துணியால் நான் துடைத்துக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகே முறுக்கினார். ஆயில் ஊற்றி நிரப்பினோம்.

"இன்னொரு தடவ நின்னா வேற வண்டிதானுங்க," என்றார் காட்டுக்காரர்.

நிற்கவில்லை. மதியம் முழுதும் வெயில் தகித்தது. முள் பாதியைத் தாண்டவில்லை. துளைக்கும் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழிக்குள் இறங்கிக்கொண்டே இருந்தன. மேற்கே பொழுது இறங்கும் நேரத்தில் புழுதி சேறாக மாறியது. சேறு தண்ணீராகி வானத்துக்குப் பீறிட்டது. நனைந்தவர்கள் யாரும் விலகவில்லை. காட்டுக்காரர் வாயைத் திறந்தபடி அதன் அடியிலேயே நின்றார்.

"போதுமுங்களே, நிறுத்தலாமுங்களா?" என்று டிரைவர் கேட்டார்.

மச்சான் மீட்டரின் முன்னால் குந்தியிருந்தார். கண்ணை எடுக்காமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"இரு இரு. இன்னுங்கொஞ்ச நேரம் ஓடட்டும்."