வாசம் தெரியாமல் தைத்த விசிறி

மலேசியாவில் திகாம் பத்து என்ற ஊரில் இருக்கும் புஷ்பவள்ளிக்கு மூக்கில் வாசம் தெரியாது. கோவிட் வந்துபோனதிலிருந்து அப்படித்தான். கணவர் மனோகரனைத் தவிர யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மனுக்கு விசிறி செய்யும் வேலை கைமாறிவிடுமோ என்று பயம்.

பகலெல்லாம் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்து மாரியம்மன் திருவிழா நெருங்கிவிட்டால், வீடு திரும்பியதும் பிரம்பை வளைத்துக் கட்டி, வெட்டிவேரைப் பரப்பி, குறுக்கே நெருக்கமாக நூலோட்டி, ஓரம் முழுக்கச் சிவப்புப் பட்டை மடிப்பு மடிப்பாக வைத்து ஜரிகையோடு தைப்பாள். பூசாரி அதில் தண்ணீர் தெளித்து அம்மனுக்கு வீசுவார். ஈரம் பட்டதும் சன்னிதி மணக்க வேண்டும். அதற்குத்தான் அந்த விசிறி.

இந்த வருடம் வேர் வாங்கப் போனபோது கடைக்காரர் முகம்மது ஹனீபா ஒரு கட்டு வேரை நீட்டி, மோந்து பார்த்து வாங்கச் சொன்னார். அவளும் பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனாள்.

"நல்லாருக்கு பாய்" என்று வாங்கி வந்துவிட்டாள்.

தைத்து முடித்த பிறகுதான் மனோகரன் பார்த்தார். வேர் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது, பழைய சரக்கோ என்றார். அவள் விசிறியை அவரிடம் நீட்டினாள். நீங்களாவது மோந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினாள்.

"சாமிக்கு வைக்கிற பூவையே மோந்து பாக்க மாட்டோம். இத மோப்பாங்களா லா? கடையில நடிக்கிறப்ப யோசிச்சிருக்கணும்."

இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திருவிழாவன்று சன்னிதியில் பக்கத்து வீட்டு லோகேஸ்வரியோடு நின்றாள். பூசாரி தண்ணீர் தெளித்து விசிறியை வீசினார். புஷ்பவள்ளி அம்மனைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்தவர்களின் மூக்கையே பார்த்தாள். ஒரு முகமும் மாறவில்லை. பூசாரி இன்னொரு கை தண்ணீர் தெளித்தார். முன்வரிசைக் கிழவர் ஒருவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். லோகேஸ்வரி அவள் தோளை இடித்தாள்.

"பன்னீர் கலந்தியா கா?"

"இல்ல. வெறும் தண்ணி." புஷ்பவள்ளி அவள் பக்கம் திரும்பினாள். மூன்று வருடம் மறைத்தது தானாக வாயில் வந்துவிட்டது. "எனக்கு வாசமே தெரியாதுடி. எப்படி இருக்கு, சொல்லு."

லோகேஸ்வரி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு காதோரம் குனிந்தாள்.

"புதுப் பானையில ஊத்தி வச்ச தண்ணி மாதிரி. கொஞ்சம் இனிப்பா."

"இன்னும் வருதா?"

"வருது கா. பேசாம சாமி கும்பிடு."