சுங்கானும் சுங்கமும்

போன கிழமை ஜெர்மனியின் ஹம் நகரத்துப் பேரங்காடி ஒன்றில் காசு கட்டும் இடத்தில் நின்று, சுங்கானில், அந்த வளைந்த மரக் குழாயில், அடைத்துப் புகைக்கும் புகையிலை இருக்கிறதா என்று கேட்டேன். அங்கிருந்த பிள்ளைக்கு இருபது வயதிருக்கும். பின்னாலிருந்த அடைப்பைத் திறந்து தேடிவிட்டு, ஹூக்காவை நினைத்து, "ஷீஷாவுக்கா?" என்றாள். வாயில் சுங்கான் வைத்திருப்பதுபோல் கையால் நடித்துக் காட்டினேன். எனக்குப் பின்னால் நின்றவர் சிரித்தார். கடைசியில் ஒரேயொரு பொதி அகப்பட்டது. அதில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்தேன். மன்னிக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். முன்பு நாங்கள் புகையிலை வாங்கிய லிண்ட்னர் அம்மாவின் கடை ஞாபகம் வந்தது. வந்ததுமே வாய் கசந்தது.

நான் சுங்கான் பிடிக்கத் தொடங்கியதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கம்பித் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில், சுங்கானோடு நின்றால் என்னையும் படித்தவன் என்று வெள்ளைக்காரர் நினைப்பார்கள் என்று நம்பினேன். மனைவி ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னப்பா, நனைஞ்ச விறகு மாதிரிப் புகையிறியள்" என்றாள். உண்மைதான். எனக்கு மட்டும் அது எப்போதும் பாதியில் அணைந்துபோகும்.

அதே தொழிற்சாலையில் சூசை அண்ணை இருந்தார். மன்னார்க்காரர். சிகரெட் என்றால் கதை முடிய முதல் அது முடிந்துவிடும் என்பதற்காகவே சுங்கானுக்கு மாறியவர். சனிக்கிழமை காலைகளில் இருவரும் லிண்ட்னர் அம்மாவின் புகையிலைக் கடைக்குப் போவோம். அங்கே வால்டர் எங்களுக்கு முதலே வந்திருப்பார். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கடைக்குள் புகைக்கக் கூடாதென்று சட்டம் வந்தபோது லிண்ட்னர் அம்மா வாசலில் மூவரும் உட்கார ஒரு மர வாங்கு போட்டுத் தந்தார். பனியிலும் அதில் இருந்தோம்.

வால்டரும் சூசை அண்ணையும் கத்தோலிக்கர். ஒவ்வொரு ஆவணியும் கெவெலார் ஊரின் மாதா கோவிலுக்குச் சேர்ந்து ரயிலேறிப் போவார்கள். சூசை அண்ணையின் மனைவி கட்டிக் கொடுக்கும் புளிச்சாதத்தை ரயிலிலேயே வால்டர் தின்று முடித்துவிடுவார். "உவனுக்கு மாதாவில பக்தியில்லை, சோத்திலதான்" என்று சூசை அண்ணை சொல்வதை நான் ஜெர்மனில் சொன்னால், வால்டர் ஓமென்று தலையாட்டுவார்.

பிறகு வரி ஏறத் தொடங்கியது. ஒருமுறை ஏறினால் கொஞ்ச நாள் திட்டிவிட்டுப் பழகிக்கொள்வோம். அதற்குள் மறுபடி ஏறும். வால்டரின் ஓய்வூதியம் அப்படி ஏறவில்லை. புகையிலை அடைத்து வரும் தகரப் பேணியில் ஒட்டியிருக்கும் வரிச்சீட்டில் என்ன விலையோ அதற்கு ஒரு சதமும் குறைத்து விற்கக் கடைக்காரருக்கு அனுமதியில்லை. பேணியை உடைத்துப் பாதி கொடுக்கவும் முடியாது. "எனக்கு மனமிருக்கிறது, சட்டமில்லை" என்று லிண்ட்னர் அம்மா கைவிரித்தார். அதனால் சூசை அண்ணை ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பேணி வாங்கி, வாங்கிலிருந்தே பங்குபோட்டு, ஆளுக்கொரு பொலித்தீன் பையில் எடுத்துக்கொள்வது. பைகள் அவர் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தவை. சில கிழமைகள் வால்டரின் பங்குக்கும் அவரே சத்தமில்லாமல் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை நான் கடைக்குள் லிண்ட்னர் அம்மாவோடு கதைத்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது வாங்குக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். சுங்கத் திணைக்களத்து ஆட்கள், சாதாரண உடுப்பில். வரி கட்டாத புகையிலையைத் தெருவில் வைத்து விற்கிறார்கள் என்று யாரோ பெயரில்லாமல் அறிவித்திருந்தார்களாம். சூசை அண்ணையின் மடியில் வரிச்சீட்டில்லாத பொலித்தீன் பை. அதே போன்ற பை வால்டரின் கோட்டுப் பைக்குள் இருந்தது. அவரை யாரும் சோதிக்கவில்லை.

"இதை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?" என்று சூசை அண்ணையிடம் கேட்டார்கள்.

"இந்தக் கடையில வாங்கினது. மூண்டு பேரும் பங்குபோட்டது. அவரைக் கேளுங்கோ" என்று பதற்றத்தில் தமிழிலேயே சொன்னார் அவர். நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி வால்டர் பக்கம் திரும்பினார்.

வால்டர் சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். "எனக்கு எதுவும் தெரியாது. இவரைப் பார்த்த பழக்கம் மட்டும்தான்" என்றார்.

நான் குறுக்கே பேசினேன். என் முறை வரும்வரை பொறுக்கச் சொன்னார்கள். லிண்ட்னர் அம்மா வெறும் பேணியைக் கொண்டு ஓடிவந்து காட்டினார். அது இந்தப் புகையிலைதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். சம்மதமென்றால் வீட்டு நிலவறையைப் பார்க்கலாமா என்று சூசை அண்ணையைக் கேட்டார்கள். அவர் ஓமென்றார். அயலவர்கள் படிக்கட்டில் நின்று பார்க்க, அரிசிச் சாக்குகளும் மகளின் பழைய பள்ளிக்கூடப் பைகளும் வெளியே வந்தன. ஒன்றும் அகப்படவில்லை. வழக்கும் இல்லை. ஆனால் அந்த மாடி வீடுகளில் இருந்தவர்கள் அதற்குப் பிறகு அவருக்கு வணக்கம் சொல்வதை விட்டுவிட்டார்கள்.

அறிவித்தது யாரென்று இன்றுவரை தெரியாது. அது சூசை அண்ணைக்குப் பெரிதாகப் படவில்லை.

அடுத்த கிழமை வால்டர் உடைக்காத பேணி ஒன்றோடு அவருடைய வாசலுக்குப் போனார். கதவைத் திறந்தவர், "நான் விட்டிட்டன்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாராம். வால்டர் என்னிடம் வந்து, "பயந்துவிட்டேன்" என்றார். எழுபது வயதுக்காரர், நிலத்துக்கடியில் பாதி ஆயுளைக் கழித்தவர். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

லிண்ட்னர் அம்மா அந்த ஆண்டே கடையைப் பூட்டினார். இப்போது அங்கே நகத்துக்கு நிறம் பூசுகிறார்கள். வாங்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நிலத்தில் நான்கு ஆணித்துளைகள் மட்டும் இருந்தன. அதையும் சீமெந்தால் அடைத்துவிட்டார்கள்.

இந்த மாரிக் குளிரில் வால்டர் இறந்தார். சூசை அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, வியாழக்கிழமை அடக்கம். வாறியளே? நான் காரில வந்து ஏத்திறன்."

"ஏலாது தம்பி. பாத்த பழக்கத்துக்கெல்லாம் செத்தவீட்டுக்குப் போறதே?"

நான் தனியாகப் போய் வந்தேன்.

சூசை அண்ணையைக் கலியாண வீடுகளில் காண்கிறேன். சுகம் கேட்பார், பிள்ளைகளை விசாரிப்பார். பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து சாப்பிடுகிறோம். அதற்கு மேல் எங்களுக்குள் கதைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.